அவெலினோவின் சந்தேகமும் பழைய பெயிண்டும்

அவெலினோ ஃபுர்டாடோ யாரையும் நம்பி வாடகைக்கு வீடு விட்ட ஆளில்லை. பத்தொன்பது வயதில் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து அமெரிக்காவின் ஃபால் ரிவர் நகருக்கு வந்து, முப்பத்தோரு வருஷம் நெசவு ஆலை இரைச்சலில் காதைப் பறிகொடுத்துச் சம்பாதித்தது அந்த ஒரே மூன்றடுக்கு மரவீடுதான். கீழே அவரும் மனைவி இடலினாவும். மேலிரண்டு தளமும் வாடகைக்கு. குடிவருகிறவர்கள் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யோசிப்பார். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்.

அந்த ஏப்ரலில் நடுத்தளத்தில் குடியிருந்த ராக்ஸானின் துணிக்கொடியில் குட்டிக் காலுறைகள் தொங்கின. ஒன்றல்ல, ஏழு. தனியாள் என்று சொல்லிக் குடிவந்தவள்! அவெலினோ இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார்.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. நூறு வருஷத்து வீடு. ஜன்னலெல்லாம் ஈயம் கலந்த பழைய பெயிண்ட்; அதன் தூள் சின்னப் பிள்ளைகளுக்கு விஷம். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை குடியிருந்தால், உரிமம் பெற்ற ஆட்களை வைத்து அதைச் சரிசெய்தாக வேண்டும் என்பது மாசசூசெட்ஸ் சட்டம். நாற்பதாயிரம் டாலர் பிடிக்கும். பிள்ளையைக் காரணம் காட்டிக் காலி செய்யச் சொன்னாலோ அது தனிக் குற்றம். கூரை மாற்றிய கடனே தலைக்கு மேல் நின்றது. இதுவும் சேர்ந்தால் வீடு வங்கிக்குத்தான்.

“மேல ஒரு குழந்தைய ஒளிச்சு வச்சிருக்கா. தொம் தொம்னு கேக்குது பாரு.”

“அவ குதிகால் செருப்புய்யா அது. கூரையப் பாத்துப் பாத்து உனக்குக் கழுத்துதான் சுளுக்கப் போகுது,” என்றாள் இடலினா, ஒன்றரை வயதுப் பேரன் நெல்சனுக்கு ஊட்டிக்கொண்டே. மகள் வேலைக்குப் போகும்போது தினமும் பிள்ளையை இங்கேதான் விட்டுப் போவாள்.

மனுஷர் கேட்டால்தானே! ஒரு கிண்ணம் கீரை சூப்போடு மாடியேறினார்.

“உனக்கு ஒருத்திக்கு இது போதுமாம்மா?”

ராக்ஸான் கதவைப் பாதிதான் திறந்தாள். “இதுவரைக்கும் ஒரு ஸ்பூன் குடுத்ததில்ல, இன்னிக்கு என்ன திடீர்னு? எதாச்சும் கேக்கணும்னா எழுத்துல குடுங்க, மிஸ்டர் ஃபுர்டாடோ.”

எழுத்திலா! வக்கீலைப் பார்த்துவிட்டாள், அரசாங்கத்துக்குப் புகாரும் போய்விட்டது என்று அவரே முடிவுகட்டிக்கொண்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

சோதனைக்கு ஆள் வருமுன் பெயிண்டைத் தானே சுரண்டிவிடத் தீர்மானித்தார். அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமலிருக்க ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, கீழ்த்தளத்திலிருந்து ஆரம்பித்தார். தண்ணீர் தொட்டு நனைக்காமல், உப்புத்தாளால் அப்படியே தேய்த்தார். தரையெல்லாம், சோபாவெல்லாம் வெள்ளைத் தூள். அதைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளினார்.

“பிள்ள தரையில வெளையாடற வீடுய்யா!”

“நம்ம நெல்சன் என்ன குடித்தனக்காரனா? சட்டமெல்லாம் வாடகைக்கு இருக்கறவங்களுக்குடி.”

சொந்த ஜன்னலைத் தொட எவனைக் கேட்க வேண்டும் என்பதுதான், வியர்வை சிந்தி வீடு வாங்கிய அந்தத் தெருக் கிழவர்கள் அத்தனை பேருடைய வேதமும்.

ஜூன் மாதம் அரசாங்கச் சோதனைக்காரி கருவிப்பெட்டியோடு வாசலில் நின்றாள். அவெலினோ மாடிப்படியைப் பார்த்துக் கத்தினார். “ராக்ஸான்! எறங்கி வா! ஒளிச்சு வச்ச பிள்ளையக் காட்டு!”

“எந்தப் பிள்ள?” ராக்ஸான் துணிக்கூடையோடு இறங்கி வந்தாள். “தங்கச்சி வீட்டு வாஷிங் மெஷின் ரிப்பேர். அவ குழந்தை துணியத் தொவைச்சுக் குடுக்கறேன். இதுக்குத்தானா அந்த சூப்பு?”

சோதனைக்காரி குரலை உயர்த்தவில்லை. “யாரும் புகார் குடுக்கல சார். ஒரு குழந்தையோட ரத்தத்துல ஈயம் ரொம்ப அதிகமா இருக்குன்னு டாக்டர்கிட்டேர்ந்து தகவல் வந்திருக்கு. பகலெல்லாம் இந்தக் கீழ்த்தளத்துலதான் இருக்கும்னு அதோட அம்மா எழுதிக் குடுத்திருக்காங்க. பேரு நெல்சன்.”

நெல்சன் ஜன்னலுக்கடியில் உட்கார்ந்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தான். இடலினா ஓடிப்போய் அவனை வாரித் தூக்கினாள். தரையைப் பார்த்தாள். சோபாவைப் பார்த்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

“இவன எங்கய்யா எறக்கி விடறது?”