வளைந்து தெரிந்த ஜன்னல் கம்பி

பெரிய தொலைநோக்கிகளில் வைக்கும் குழியாடி எந்த வளைவில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது என் வேலை. அலுவலகம் ஜூரோங் தொழிற்பேட்டையில். தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் எனக்குத் தூக்கம் வராது. அந்த மிதப்பில்தான் அப்பாவுக்குப் பதில் சொன்னேன்.

அப்பா கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். அங்கே தெறித்த இரும்புத் துகளால் வலது கண் எப்போதோ போய்விட்டது. மிஞ்சியது இடது கண் ஒன்றுதான். சிராங்கூன் சாலையில் புது மூக்குக்கண்ணாடி வாங்கிய மறுவாரம், "ஜன்னல் கம்பி வளைஞ்சு தெரியுதுப்பா," என்றார்.

"புதுக் கண்ணாடி அப்படித்தாம்பா இருக்கும். பழகிடும்."

அதோடு விட்டேனா? வில்லையின் ஓரத்தில் ஒளி எப்படி வளைகிறது என்று தாளில் படம் வேறு வரைந்து காட்டினேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தேக்காச் சந்தையில் கூட்டாளிகளிடம் காட்டிப் பெருமையடித்தாராம்.

நான்கு மாதம் மறுபேச்சே இல்லை. ஒருநாள் தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். பதறிப்போய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

கண் மருத்துவர், "கண்ணாடியக் கழட்டிட்டு அந்தக் கதவப் பாருங்க, ஐயா," என்றார்.

"இப்பவும் வளைஞ்சுதான் தெரியுது."

விழித்திரைக்கு அடியில் ரத்தம் கசிந்து தழும்பாகிவிட்டதாம். தொடக்கத்திலேயே வந்திருந்தால் ஊசி போட்டுப் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

ஆடியில் கோளாறு தெரிந்தால் எங்கள் சோதனைக்கூடத்தில் முதல் வேலையாக அதைக் கால்வட்டம் திருப்பி வைப்போம். கோளாறும் கூடவே திரும்பினால் குறை ஆடியில். நின்ற இடத்திலேயே நின்றால் குறை சோதிக்கும் கருவியில். எத்தனையோ ஆடிகளுக்கு இதைச் செய்திருக்கிறேன். அப்பாவிடம், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. என்னை நானே மன்னிக்க முடியாத இடம் இது.

இப்போது அவருக்கு நடுப்பார்வை இல்லை. நேராகப் பார்த்தால் என் முகம் மறைந்துவிடும். ஓரப்பார்வையில் பிடிக்க, என் காதுக்கு அப்பால் பார்க்கிறார். அந்தத் தாள் இன்னமும் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. தூக்கிப் போடச் சொன்னால் கேட்பதில்லை.

"ரொம்பச் சிரமமா இருக்காப்பா?" என்று நேற்றுக் கேட்டேன்.

"இல்ல லா," என்றார், என் தோளுக்கு மேலே இருந்த சுவரைப் பார்த்து. "நீ சொன்ன மாதிரியே பழகிடுச்சு."