லீவு சொல்லாத நாள்

தேயிலை ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, காலையில் எழுவதே எனக்குப் பாரமாகிவிட்டது. நண்பர் நச்சரித்ததால் கோத்தகிரியில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போய், அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களுக்குத் தேயிலைத்தூள் பாக்கெட் போடக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினேன். முதல் நாளே அவர்களிடம் கறாராகச் சொல்லியிருந்தேன்: "வராட்டி லீவு சொல்லோணும்."

ஒரு மழைநாளில் எழவே மனமில்லை. போர்வைக்குள் கிடந்தேன். மாலையில் கதவு தட்டப்பட்டது. என்னிடம் வேலை பழகும் பிரகாஷ், அடுத்த தெருக்காரன், நனைந்துபோய் நின்றான்.

"ஏனுங்க சார், நீங்க லீவே சொல்லலீங்களே." குரலில் கோபம்.

"தப்புதான் பிரகாஷ். முடியலப்பா. இன்னைக்கு லீவு."

கொஞ்சம் யோசித்தான். "சரிங்க. நாளைக்கு வந்துரோணும்."

கதவைச் சாத்திவிட்டு, நாளைக்குப் போட்டுக்கொள்ளச் சட்டையை எடுத்து வைத்தேன். ஓய்வு பெற்றதிலிருந்து, லீவு சொல்ல எனக்கு ஓர் ஆள் இல்லாமல் இருந்தது.