அசன் முகம்மது விட்டுப்போன மாத்திரை

ஜுவைரியாவின் வேலைக்கு மருந்தாளுநர் என்று பெயர். ராஜபாளையத்தில் யாரும் அப்படி வாய் வலிக்கச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற பொண்ணு, அவ்வளவுதான். டிஸ்சார்ஜ் ஆகி நன்றாக நடந்து போனவர்கள், வீட்டில் கிடந்த பழைய மாத்திரையையும் புது மாத்திரையையும் சேர்த்து விழுங்கிவிட்டு ஸ்ட்ரெச்சரில் திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வெறுத்துப்போனது. பெரிய டாக்டரோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கினாள். சாயங்கால வேளைகளில் வீடு வீடாகப் போய் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.

அப்படிப் போன வீடுகளில் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில், ஊரை ஒட்டிய திருவண்ணாமலை என்ற பெருமாள் கோயில் மலைக்குப் போகிற சாலையில் இருந்தது. பாத்திரக்கடை அசன் முகம்மதின் வீடு. அவருக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருந்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை தினமும் சாப்பிட வேண்டும். அது பொல்லாத மாத்திரை. அடிக்கடி ரத்தத்தைச் சோதித்து அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். தேவையில்லாத ஆள் தின்றால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து உயிருக்கு உலை வைத்துவிடும். அசன் முகம்மது ஒருநாளும் பிசகியதில்லை. அப்படியும் ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். வயதாகிவிட்டது, அவ்வளவுதான். அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதும் விருந்துக்கு ஜுவைரியாவையும் அழைத்திருந்தார்கள். அவர் மனைவி மெகராஜ் பேகம் பக்கத்தில் உட்கார்ந்து நெய்ச்சோறு வைத்தாள். அவருடைய கைலி, சட்டை, குடை எல்லாவற்றையும் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

"மாத்திரையைக்கூட வீணாக்கலம்மா. போன சனிக்கிழமை மலைக்கு நடந்து போற பொம்பளை ஒருத்தி தண்ணி கேட்டு வந்தா. நெஞ்சு படபடன்னு வருது, வைத்தியம் பாக்க வழியில்லன்னு அழுதா. அவிய நெஞ்சு மாத்திரை அம்புட்டையும் குடுத்துட்டேன். அந்த நன்மை அவியளுக்குப் போய்ச் சேரட்டும்."

ஜுவைரியாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"எப்படிச் சாப்பிடணும்னு சொன்னீங்க மாமி?"

"நீ அவியள்ட்ட சொன்னதைத்தான் சொன்னேன். ஒருநாளும் விடக்கூடாது, விட்டா உசிருக்கு ஆபத்துன்னு."

விஷயத்தைச் சொன்னதும் மெகராஜ் பேகம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. செட்டியார்பட்டிப் பக்கம் என்று சொன்னதாக ஒரு நினைவு. நானும் தேடி வருகிறேன் என்று எழுந்தவளை வீட்டார் விடவில்லை. கணவன் இறந்தபின் இருக்க வேண்டிய இத்தா காலம் முடியாமல் வாசல் தாண்டக் கூடாது. ஆக, முகத்தைப் பார்த்தவள் வீட்டுக்குள் இருந்தாள். முகமே தெரியாதவள் தேடப் புறப்பட்டாள்.

செட்டியார்பட்டியில் தெருத் தெருவாகக் கேட்டாள். மருந்துக்கடைகளில் சொல்லி வைத்தாள். புரட்டாசி சனிக்கிழமைகளில் மலையடிவாரத்தில் முக்காட்டோடு நின்று, இறங்கி வரும் பெண்களிடம் "கையைக் கொஞ்சம் காட்டுங்கக்கா" என்றாள். அந்த மாத்திரை அதிகமானால் தோலுக்கடியில் ரத்தம் கட்டி நீலமாகத் தெரியும். சிலர் கைரேகை பார்க்கிறவள் என்று நினைத்து ஆசையாகக் கையை நீட்டினார்கள். சிரிப்பு வரவேண்டிய இடம். அவளுக்கு அழுகைதான் வந்தது.

புரட்டாசி போயிற்று. அந்தப் பெண் கிடைக்கவில்லை. ஆனால் அவள் ஜுவைரியாவை விட்டுப் போகவும் இல்லை. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வடிய ஒருத்தி கண்ணாடிக்குள் நின்றாள். பஸ்ஸில் எந்தப் பெண் கம்பியைப் பிடித்தாலும் ஜுவைரியாவின் கண் அந்த மணிக்கட்டுக்குப் போனது. ஏதோ ஒரு வீட்டில் ஒருத்தி தலை சுற்றச் சுற்ற, தவறவிட்டால் உயிர் போய்விடும் என்று பயந்து, ஒழுங்காக அந்த மாத்திரையை எடுத்து வாயில் போடுகிறாள். யார் கண்டது, இந்நேரம் மாத்திரைக்கு முன்னால் அவளே தீர்ந்திருக்கலாம். இதை நினைக்காமல் ஜுவைரியாவால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியவில்லை.

ஐப்பசியில் வேதசிரோமணி என்ற ஓய்வுபெற்ற மில் தொழிலாளி டிஸ்சார்ஜ் ஆனார். அவருக்கும் அதே மாத்திரை. அவர் மனைவி ஏசம்மாள் துணிப்பையோடு கவுண்டரில் நின்றாள். ஜுவைரியா எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"இது அண்ணாச்சிக்கு மட்டுந்தான்க்கா. அவிய இல்லாமப் போயிட்டா, மிச்சத்தை யாருக்கும் குடுக்காதீங்க. எங்கிட்டக் கொண்டாந்துருங்க."

ஏசம்மாளின் முகம் சுண்டிப்போனது.

"நல்லபடியா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற நேரத்துல என்ன பேச்சும்மா இது? ஒனக்கு வாய் கூசலையா?"

வாய் கூசத்தான் செய்தது. இப்படிப் பேசுவதாக ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் மேலிடத்தில் புகார் சொல்லியிருந்தன. அச்சானியம் பிடித்தவள் என்று ஒரு பெயரும் விழுந்திருந்தது. வேதசிரோமணி வேறெங்கோ பார்த்தபடி சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னைய வைங்கக்கா, பரவால்ல. ஆனா இப்பச் சொன்னதை ஒருதரம் திருப்பிச் சொல்லிட்டுப் போங்க."

பையைத் தராமல் பிடித்துக்கொண்டு நின்றாள் ஜுவைரியா. ஏசம்மாள் கணவரின் தோளை இறுகப் பற்றினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்ட, வாயைத் திறந்தாள்.

"அவிய இல்லாமப் போயிட்டா..."

"ம், சொல்லுங்க" என்றாள் ஜுவைரியா.