மாதங்கி டீச்சர் காட்டிய வீடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதங்கி டீச்சருக்கு வீட்டில் கால் தரிக்காது. வாரமெல்லாம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திய தொண்டை அன்றைக்காவது ஓய்வெடுக்க வேண்டாமா? எடுக்காது. தஞ்சாவூர் மணிக்கூண்டுப் பக்கம் கூடுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு, மேல வீதி, வடக்கு வீதி, அவற்றின் சந்துகள் என்று பழைய கட்டடங்களைக் காட்டக் கிளம்பிவிடுவாள். காசு வாங்குவதில்லை. நாலு பேர் வந்து பார்த்தால் இடிக்க மாட்டார்கள் என்று நம்பினாள், பாவம்.

இடிக்காமலா இருந்தார்கள்? சித்திரையில் காட்டிய மராட்டியர் காலத்து மாடி, ஆடியில் செல்போன் கடை. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று, இங்கே ஒரு வளைவு இருந்தது என்று வெறும் காற்றைக் காட்டுவதே அவள் பிழைப்பாகிப் போனது.

மிஞ்சியது மேல வீதிக்குப் பின்சந்தில் ஒரு வீடு. முற்றத்தைச் சுற்றித் தேக்குத் தூண்கள். வீட்டுக்காரர் ஹரிஹரசுப்ரமணியன் பெங்களூர்வாசி. வாடகைக்கு இருந்தவள் அனீஸா, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேதான். புருஷன் இறந்த பிறகு அந்த முற்றத்தில் தையல் மெஷினைப் போட்டுத்தான் பெண்களை வளர்த்தாள். முன்பின் தெரியாத கூட்டம் வாராவாரம் உள்ளே நுழைந்தாலும் முகம் சுளித்ததில்லை. டீச்சர் கூட்டி வருகிறவர்கள் என்று எல்லோருக்கும் டீ வேறு போடுவாள்.

ஐப்பசியில் வந்த கூட்டத்தில் ஒருவர். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. மற்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஒவ்வொரு தூணையும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். அடேயப்பா, என்ன ரசனை என்று மாதங்கி பூரித்துப்போனாள். பர்மா தேக்கு, ஒட்டில்லாத ஒரே மரம், கரையான் தொட்டதில்லை என்று அடுக்கிக்கொண்டே போனாள். மாடியைப் படமெடுக்க வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்றார். போன் நம்பரை அவளே கொடுத்தாள். நாக்கில் சனி என்பது இதுதான். பழைய வீட்டு மரம் வாங்கி விற்கிறவன், உள்ளே உளுத்திருக்கிறதா என்று அப்படித்தான் தட்டிப் பார்ப்பான். அதை அவளுக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

தை பிறப்பதற்குள் வீடு கைமாறியது. மரம் ஒருவருக்கு, மனை இன்னொருவருக்கு. பொங்கல் கழிந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மாதங்கி பெங்களூருக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள். ஒழுகுகிற வீட்டை எத்தனை நாள் கட்டி அழுவது என்றார் அவர். நல்ல ஆளாகப் பார்த்து அனுப்பி வைத்தீர்கள் என்று நன்றி வேறு சொன்னார். அவளுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது.

சாமான் ஏற்றுகிற அன்று போனாள். அனீஸாவுக்கு வல்லம் ரோட்டில் ஒற்றை அறைதான் கிடைத்திருந்தது. ரவிக்கை தைக்கக் கொடுக்கிற பெண்கள் யாரும் அவ்வளவு தூரம் வர மாட்டார்கள். மாதங்கி ஒரு பாத்திர மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அனீஸா பின்னாலேயே வந்தாள்.

"வீட்டுக்கார சார் என்ன சொன்னாரு தெரியுமா டீச்சர்? நீங்கதான் நம்பர் குடுத்தீங்களாம். எங்க டீச்சர் அப்படிச் செய்ய மாட்டாங்கன்னு போன்லயே சண்டை போட்டுட்டேன்."

சும்மா இருந்திருக்கலாம். அனீஸா அதை நம்பியே போயிருப்பாள். மாதங்கியால் முடியவில்லை.

"நான்தான் குடுத்தேன் அனீஸா. அவன் யாருன்னு எனக்குத் தெரியாது."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அனீஸா மூட்டைக்குக் கையை நீட்டினாள்.

"குடுங்க டீச்சர். நானே தூக்கிக்கிறேன்."