ஐந்தருவியில் காட்டிய கால்

சீசன் நேரத்தில் ஈரத் தலையோடு ஸ்கேனுக்கு வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. தென்காசியில் எம்.ஆர்.ஐ. எடுப்பது என் வேலை. குற்றாலம் பக்கம்தானே, வந்ததுதான் வந்தோம், ஒரு குளியலும் போட்டுவிடுவோம் என்று குளித்துவிட்டு வந்து படுக்கையை நனைத்துவிடுவார்கள்.

அன்றைக்கு வந்த பெண்ணுக்குப் பதினாறு வயதிருக்கும். கடையத்துக்காரி, பள்ளிக் கபடி அணியில் ரெய்டர். முழங்காலுக்குப் பின்னால் வீக்கம். தலை சொட்டியது, போதாததற்குக் கால் முழுக்க எண்ணெய். என் வாய் சும்மா இருக்குமா? "இது ஆஸ்பத்திரியா, அருவிக்கரையா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் அம்மா சிரித்தாள். "கோவிச்சுக்கிடாதீங்க மேடம். கபடியில விழுந்து ரத்தம் கட்டியிருக்கு. எண்ணெய் போட்டு நல்லா நீவிட்டு ஐந்தருவியில காலைக் காட்டுனா, தண்ணி அடிக்கிற அடியில கரைஞ்சிரும்லா? வாராவாரம் கூட்டிட்டு வாறேன். சனியன், கரையவே மாட்டேங்குது."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். சுளுக்குக்கு நானே அப்படி நின்றிருக்கிறேன். காலைத் துடைத்துவிட்டுப் படுக்க வைத்தேன்.

"அடுத்த வாரம் மாவட்ட மேட்ச் இருக்குக்கா. சட்டுனு முடிச்சிருங்க" என்றாள் அந்தப் பெண்.

படங்கள் திரையில் வரத் தொடங்கின. பழைய ரத்தக்கட்டைத் தேடிய என் கண் அப்படியே நின்றுவிட்டது. மூட்டை ஒட்டி, தசைகளுக்கு நடுவே, உருண்டையாக ஒரு கட்டி. டாக்டரைக் கூப்பிட்டேன். பார்த்தவர், ஊசியில் மருந்து ஏற்றி இன்னொரு முறை எடுக்கச் சொன்னார். மருந்து ஏறியதும் கட்டி பளீரென்று தெரிந்தது. உள்ளே ரத்தம் ஓடுகிறது, அது வளர்கிறது என்று அர்த்தம். இப்படியொரு படத்தைப் படிக்கிற காலத்தில் பாடப்புத்தகத்தில் பார்த்ததோடு சரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன, நகங்களில் பச்சைப் பூச்சு. ஐயோ, இதையா வாராவாரம் அழுத்தி அழுத்தி நீவினார்கள்?

பெண்ணின் அம்மாவை மட்டும் டாக்டர் உள்ளே அழைத்தார். "இது ரத்தக்கட்டு இல்லம்மா. சின்ன வயசுல அபூர்வமா வர்ற கட்டி. புற்றுநோயா இருக்கலாம், சதை எடுத்துப் பாத்தாத்தான் உறுதி. இனிமே நீவாதீங்க, அருவிக்குப் போகாதீங்க, இங்கன யார்கிட்டயும் கீறவும் விட்டுராதீங்க. திருவனந்தபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாறேன்."

"கால்..." என்று மட்டும் கேட்டாள் அம்மா.

"காப்பாத்தத்தான் பாப்பாங்க" என்றார் டாக்டர். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனாள்.

சற்று நேரத்தில் அந்தப் பெண் ஓடிவந்தாள். ஸ்கேனுக்காகக் கழற்றிய கொலுசை வாங்க வந்திருக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, ரத்தக்கட்டே இல்லையாம்லா! அம்மா சொல்லிட்டா. அப்ப நான் மேட்ச்சுக்குப் போகலாந்தான?"

கொலுசை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவளுக்குப் பின்னால், வாசலில் நின்ற அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.