அடையில் ஏறிய பன்னிரண்டு பயணிகள்

பஸ் நிலையத்தில் முப்பத்து நான்கு வருஷம் வண்டிகளை விரட்டிய டைம்கீப்பர், ஓய்வு பெற்ற பதினோராம் நாள் காலை ஓர் அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். பெட்டியில் எட்டு ஓட்டைகள். ஓர் ஓட்டை வழியாக ஒரு மஞ்சள் கண் அவர் மனைவியை ஏற இறங்கப் பார்த்தது.

“என்னங்க இது?”

“அஞ்சு பெட்டை, ஒரு சேவல்.”

“எங்க விடப் போறீங்க?”

“கொல்லையிலதான்.”

தையல் மிஷின் நின்றது. அந்த வீட்டில் தையல் மிஷின் நிற்பது சாமானிய விஷயமில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த அம்மாள் கூடத்தில்தான் தைக்கிறாள். துணி வெட்டுவது சாப்பாட்டு மேஜை மேல். அளவெடுப்பது பீரோவுக்கும் கதவுக்கும் நடுவில். பெண்கள் அளவு கொடுக்க வந்தால் டைம்கீப்பர் துண்டோடு இருந்தாலும் சரி, தட்டோடு இருந்தாலும் சரி, உடனே வாசலுக்குப் போய்விட வேண்டும். பாதிச் சாப்பாட்டைத் தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகிய மனிதர். கொல்லையில் ஒரு கட்டிங் ரூம், மேலே தகரம், நடுவில் ஒரு நீளமேஜை: இதுதான் அவளுடைய இருபத்திரண்டு வருஷக் கனவு. ரிட்டயர் ஆனதும் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தவர், பெட்டியோடு நிற்கிற இதே உத்தமர்தான்.

“அப்ப என் கட்டிங் ரூம்?”

“கோழி என்ன அரண்மனையா கேக்குது? ஒரு மூலை போதும்மா.”

“கொல்லையே ஒரு மூலைதாங்க!”

அதுவும் உண்மை. ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு துணிக்கொடி, மிச்சம் இருந்த இடத்தில் ஒரு சைக்கிளைக்கூடத் திருப்ப முடியாது. ஆனால் முப்பத்து நான்கு வருஷம் எல்லாவற்றையும் அனுப்பி அனுப்பியே ஓய்ந்த மனிதருக்கு, ஏதாவது ஒன்று வந்து தங்க வேண்டும் என்று ஆசை. இதை அவர் இப்படிச் சொல்லவில்லை. “முட்டை உடம்புக்கு நல்லது” என்றுதான் சொன்னார்.

ஒரு மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, வல்லரசுகளே வெட்கப்படும்படியான ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது.

“ஒரே ஒரு அடை வைங்க. வச்ச முட்டையில பாதிக்கு மேல குஞ்சு பொரிச்சா கொல்லை உங்களுது. நான் வாயே திறக்க மாட்டேன். பொரிக்கலையா, கூண்டைத் தூக்கிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடுவேன். சரியா?”

“சரி.”

“அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

“நான் என்னைக்கு மாறியிருக்கேன்?”

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது, அதுவே பதில்.

மறுநாளே கூண்டுக் கதவில் ஒரு கால அட்டவணை தொங்கியது. 6.10 கதவு திறப்பு. 6.15 தீனி. 10.30 தண்ணீர். மாலை 5.50 எல்லாரும் உள்ளே. பெட்டைகளுக்கு எக்ஸ்பிரஸ், டவுன் பஸ், மினி, ஸ்பேர் என்று பெயர். ஐந்தாவதாக ஒரு பழுப்புக் கோழி. அதற்கு இன்னும் ரூட் ஒதுக்கவில்லை. சேவலுக்குக் கன்ட்ரோலர் என்று பட்டம். அந்தக் கன்ட்ரோலரோ, விடியற்காலையில் வாயைத் திறக்காமல், பிற்பகல் இரண்டு நாற்பதுக்குத் தொண்டை கிழியக் கூவினான். பணியில் இருந்திருந்தால் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருப்பார். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு, அட்டவணையில் “2.40 கூவுதல்” என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். நிர்வாகம் என்பது வளைந்து கொடுப்பது.

முதல் முட்டை வந்த நாளை அந்தத் தெரு இன்னும் மறக்கவில்லை. கூடத்தில் ஒரு பெண்மணிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, டைம்கீப்பர் இருபத்திரண்டு வருஷக் கட்டுப்பாட்டைக் காற்றில் விட்டுவிட்டுப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

“வந்துருச்சு! வந்துருச்சு!”

“என்ன, குழாயில தண்ணியா?” என்று அந்தப் பெண்மணி அளவு நாடாவோடு தெருப்பக்கம் பாய்ந்தாள்.

“முட்டை!”

“அட போங்க சார், நான் குடத்தை வேற தேடிட்டேன்!”

ஆனாலும் மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். உள்ளங்கையில் சூடாக, இளஞ்சிவப்பாக, ஒரு சின்னப் புள்ளியோடு இருந்தது. “பரவாயில்லையே” என்றாள் மனைவி. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஏற்றம் வந்தால் இறக்கமும் வரும். இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டுப் பூனை டவுன் பஸ்ஸைக் கழுத்தைக் கவ்விக்கொண்டு போயிற்று. டைம்கீப்பர் இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாவது வேளை, வலை வாங்கக் கடைக்குப் போனார். அடுத்து மினிக்கு முட்டையைக் கொத்தி உடைக்கும் கெட்ட பழக்கம் வந்தது. பிறகு ஒருநாள் காலை பழுப்புக் கோழி கூண்டின் மூலையில் உப்பிப்போய் உட்கார்ந்துவிட்டது. தீனிக்கு எழவில்லை, தொட்டால் ‘கர்ர்’ என்றது. அந்தக் கணமே அதற்குப் ‘பிரேக்டவுன்’ என்று பெயர் சூட்டி, சைக்கிளில் முட்டை விற்க வரும் அக்காவைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டி வந்தார். கோழிகளை விற்றவளும் அவள்தான்.

“சார், இதுக்கு நோயும் இல்ல நொடியும் இல்ல. அடைக்கு உக்காந்திருக்கு. முட்டையை வைங்க, இருபத்தொரு நாள்ல குஞ்சு. சந்தோஷமான விஷயத்துக்கு இப்படி மூஞ்சிய வச்சிருக்கீங்களே!”

டைம்கீப்பர் முகம் பல்பு போட்டாற்போல் ஆயிற்று. அக்கா இன்னும் ஏதோ சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் முட்டைக் கூடைக்கு ஓடிவிட்டார். அந்த ஓட்டம்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

வீட்டில் அன்று கைவசம் நாலே முட்டை. நாலையும் வைத்தார். பிரேக்டவுன் இறகை விரித்து நாலையும் மூடிக்கொண்டது. அப்படியும் ஓரத்தில் இடம் மிச்சமிருந்தது. இங்கேதான் அவருடைய முப்பத்து நான்கு வருஷ அனுபவம் தலையெடுத்தது. காலி சீட்டோடு ஒரு வண்டியை அவர் என்றைக்கும் புறப்பட விட்டதில்லை. “ஏறுங்க, ஏறுங்க, இடம் இருக்கு” என்பதே அவர் வாழ்க்கைத் தத்துவம். மறுநாள் ஒரு முட்டை ஏற்றினார். நாலாம் நாள் முதல் ஒன்பதாம் நாள் வரை, மற்றக் கோழிகள் இட இட, ஏழு முட்டைகளை ஏற்றினார். ஒவ்வொன்றின் மேலும் ஏறிய நாள், மணி, நிமிஷம் பென்சிலால் எழுதியிருந்தது. பன்னிரண்டு ஆனதும் கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

“ஃபுல்!”

“பன்னிரண்டுல பாதிக்கு மேலன்னா ஏழு,” என்று மனைவி துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“ஏழு என்ன, பன்னிரண்டும் வரும் பாரு.”

இருபத்தொன்றாம் நாள் காலை ஏழே காலுக்கு முதல் முட்டையில் விரிசல் விட்டது. டைம்கீப்பர் மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தார். மாலைக்குள் நாலும் பொரிந்தன. நாலு ஈரக் கம்பளி உருண்டைகள்! மறுநாள் ஐந்தாவது. அவர் தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். தபால்காரர் இரண்டு தடவை பார்த்தார்.

இருபத்து மூன்றாம் நாள் காலை 6.10க்குக் கதவைத் திறந்தால், பிரேக்டவுன் எழுந்து நின்று உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. ஐந்து குஞ்சுகளையும் அழைத்துக்கொண்டு கம்பீரமாக வெளியே நடந்தது. ஏழு முட்டைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“ஏய்! நில்லு! இன்னும் ஏழு பேர் இருக்காங்க!”

பஸ் நிலையமே நடுங்கிய குரல் அது. கோழி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிடித்து உட்கார வைத்தார், எழுந்தது. மறுபடி வைத்தார், கையில் ஒரு கொத்து. முட்டைகள் ஆறத் தொடங்கின. அந்த நேரம் பார்த்து முட்டைக்கார அக்கா சைக்கிள் மணியோடு வந்து சேர்ந்தாள். ஒரு முட்டையை எடுத்துப் பென்சில் எழுத்தைப் படித்தாள். இன்னொன்றைப் படித்தாள். அப்புறம் தொட்டித் திண்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஐயோ சார்! அடைன்னா எல்லாத்தையும் ஒரே நாள்ல வைக்கணும். தினம் ஒண்ணு ஏத்தினா, முதல்ல பொரிச்சதுங்களுக்குப் பசி வந்ததும் தாய் எழுந்து போகத்தானே செய்யும்? வழியில நின்னு நின்னு ஏத்திக்க அது என்ன உங்க பஸ்ஸா?”

டைம்கீப்பர் விரல் விட்டு எண்ணினார். ஐந்து குஞ்சு. தேவை ஏழு. இன்னும் ஒரு மணி நேரம் போனால் கொல்லையும் போச்சு, கூண்டும் போச்சு. அதைவிட, ஓட்டுக்குள் இருக்கிற ஏழும் போச்சு. சத்தம் கேட்டு மனைவி பின்வாசலுக்கு வந்தாள். அவள் ஜெயித்துவிட்டாள், சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும். அவள் குனிந்து ஒரு முட்டையை எடுத்து, இஸ்திரிப் பெட்டிச் சூட்டைக் கன்னத்தருகே வைத்துப் பார்ப்பாளே, அதுபோல மூடிய இமை மேல் வைத்துப் பார்த்தாள்.

“இன்னும் சூடு இருக்குங்க. என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க? அட்டைப்பெட்டியைக் கொண்டாங்க!”

“நீ... உனக்கு எதுக்கு...”

“கட்டிங் ரூமுக்காக ஏழு உசுரை ஆறப் போடச் சொல்றீங்களா? ஓடுங்க!”

அவர் ஓடினார். மனைவி பெட்டிக்குள் வெட்டிப்போட்ட துண்டுத் துணிகளை அடைத்து, தையல் மிஷினின் சின்னக் குண்டு பல்பைக் கழற்றி உள்ளே தொங்கவிட்டாள். முட்டைக்கார அக்கா சிரிப்பை நிறுத்திக்கொண்டு பாடம் சொன்னாள்: நாளுக்கு மூன்று தடவை முட்டையைப் புரட்டணும், ஓரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கணும், பல்பு துணியில ஒட்டக் கூடாது. பெட்டி கூடத்தில் மிஷினுக்குப் பக்கத்தில் குடியேறியது. விளக்கில்லாத மிஷினில் அவள் ஜன்னல் வெளிச்சத்தில் தைத்தாள்.

பென்சில் எழுத்தின்படி ஆறாவது வண்டி இருபத்தைந்தாம் நாள் காலை 9.40க்கு வரவேண்டும். வந்தது 11.05க்கு. வாழ்நாளில் முதல்முறையாகத் தாமதமாக வந்த ஒரு வண்டியை டைம்கீப்பர் திட்டவில்லை. மறுநாள் அளவு கொடுக்க வந்த இரண்டு பெண்கள், முட்டைக்கார அக்கா, டைம்கீப்பர், அவர் மனைவி என்று ஐந்து தலைகள் பெட்டி மேல் கவிந்திருந்தன. அளவு கொடுக்கும் நேரத்தில் டைம்கீப்பரை யாரும் வாசலுக்குப் போகச் சொல்லவில்லை. ஏழாவது முட்டைக்குள்ளிருந்து ‘டிக், டிக்’.

“தள்ளுங்க, காத்து வரட்டும்!”

“நீங்கதான்க்கா மூக்கை உள்ள விட்டுருக்கீங்க.”

“மூக்கு தெரியுது! அதோட மூக்கு!”

ஓடு இரண்டாகப் பிரிந்தது. “ஏழு!” என்று வீடு அதிரக் கத்தியது டைம்கீப்பர் இல்லை, அவர் மனைவி.

“ஏழுன்னா என்ன அர்த்தம் தெரியுமில்ல?” என்றார் அவர் மெதுவாக.

“தெரியும், தெரியும். கத்தாதீங்க, அது பயந்துக்கப் போகுது.”

அதோடு நிற்கவில்லை. எட்டு, ஒன்பது என்று வந்துகொண்டே இருந்து பதினொன்றில் நின்றது. ஒன்று மட்டும் கூமுட்டை. பந்தயத்தில் டைம்கீப்பர் அமோக வெற்றி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கூடத்தில் பொரிந்த ஆறையும் கொல்லைக்குக் கொண்டுபோய்த் தாயிடம் விட்டார். பிரேக்டவுன் அவற்றைப் பார்த்தது. ‘இதுகள் எந்த ரூட்?’ என்பதுபோல் தலையைச் சாய்த்தது. அடுத்த கணம் பட்பட்டென்று கொத்து! ஆறும் அலறிக்கொண்டு படி ஏறி, கூடத்தைத் தாண்டி, அவர் மனைவியின் பாதத்துக்கடியில் போய் ஒளிந்துகொண்டன. கண் திறந்து அவை முதலில் பார்த்த முகம் அவளுடையதுதானே.

அதன்பின் அவள் சமையலறைக்குப் போனால் ஆறும் சமையலறைக்கு. கதவைத் திறந்தால் ஆறும் வாசலுக்கு. மிஷினில் உட்கார்ந்தால் ஆறும் பெடல் மேல்! காலை அசைக்க முடியவில்லை. மூன்று நாள் மிஷின் ஓடவில்லை. தைக்கக் கொடுத்தவர்கள் வரிசையாக வந்து கேட்டார்கள்.

“இதுங்களுக்குத் தனியா ஒரு இடம் வேணும்,” என்றார் டைம்கீப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு. “நீயும் பக்கத்துலயே இருக்கணும். பேசாம கொல்லையில... ஒரு ரூம் போட்டா என்ன?”

அவள் குஞ்சு ஒன்றை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னாள்: “கொல்லை உங்களுது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.”

“பாதி எடுத்துக்கோம்மா.”

“பாதியில மேஜை கொள்ளாதே.”

“சரி, முக்கால்!”

“கெஞ்சாதீங்க, குஞ்சுங்க பாக்குது.”

மறுநாள் கொத்தனார் வந்தார். அவருக்கு முன்னால் அவள் கொல்லையில் இறங்கி, துணியில் கோடு போடும் சாக்பீஸால் தரையில் கோடிழுத்துக்கொண்டு போனாள். பின்னால் ஆறும் வரிசை கலையாமல் போயின.

“தள்ளி நில்லுங்க. சுவர் மேல நிக்கிறீங்க.”

டைம்கீப்பர் தள்ளி நின்றார்.

“ஐயோ, அது மேஜைங்க!”

இன்னும் தள்ளினார்.

“அங்கதான் குஞ்சுப் பெட்டி வரணும்.”

சுற்றுமுற்றும் பார்த்தார். கடைசியில் கூண்டுக் கதவைத் திறந்து, குனிந்து, எக்ஸ்பிரஸுக்கும் ஸ்பேருக்கும் நடுவே போய் நின்றுகொண்டார். அங்கே யாரும் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.