காலில் போட்ட பேனாக் கோடு

மாதாவை நம்பிச் சாலையில் இறங்கி நடக்கிற எல்லோருக்கும் என் வணக்கம். இதை எழுதித் தரும்படி எங்கள் பங்குச் சாமியார் பலமுறை கேட்டார். பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். என் வீட்டுக்காரரின் காலை எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோனவள் நான். அந்தக் காலைத் திருப்பிக் கொடுத்தவர் ஆண்டவர்.

எங்களுக்கு ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணியை நெய்கிற ஊர். நானும் இருபத்திரண்டு வருடமாக விசைத்தறியில் அதைத்தான் ஓட்டுகிறேன். என் வீட்டுக்காரர் சவரிமுத்து லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவருக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, செருப்பில்லாமல் வாசல்படிகூடத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எங்கள் மகளுக்கு மூன்று முறை கரு கலைந்தது. நாலாவது முறை சுகமாகக் குழந்தை பிறந்தால் வெறுங்காலோடு வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன் என்று இவர் நேர்ந்துகொண்டார். பேத்தி பிறந்தாள். போன ஆகஸ்ட் கடைசி வாரம் காவி உடுத்திக்கொண்டு இருவரும் ராஜபாளையத்திலிருந்து நடைப்பயணக் குழுவோடு கிளம்பினோம். பன்னிரண்டு நாள் நடை. "சவரி, செருப்பு போட்டுக்கோரும். மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா" என்று குழுத் தலைவர் அண்ணாச்சி தலைப்பாடாக அடித்துக்கொண்டார். இவர் கேட்டால்தானே!

விடியும் முன்பே கிளம்பியும் ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. நடந்து பழகியவர்கள் ரோட்டின் வெள்ளைக் கோட்டு மேலேயே கால் வைப்பார்கள். அதில் தார் அளவுக்குச் சூடு இருக்காது. முதுகுக்குப் பின்னால் லாரி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் குலை பதறும். ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வுக்கு விட்டிருந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்தோம்.

எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் தண்ணீர் கொண்டுவந்த ஒரு அக்கா அலறினாள். வாசலிலிருந்து வரிசையாக ரத்தக் கால்தடம். யாருக்கு, யாருக்கு என்று ஆளாளுக்குப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். இவரும் சிரித்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணுமில்லப்பா" என்று காலை நீட்டினார். வலது கட்டைவிரலுக்குக் கீழே பாட்டில் சில்லு கிழித்து வாயைப் பிளந்திருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். கொஞ்சத் தூரந்தான். ஆனால் எனக்கு ஒரு திமிர் இருந்தது. ஊருக்கெல்லாம் கட்டுத்துணி நெய்கிறவளுக்கு ஒரு கட்டுப் போடத் தெரியாதா? யாருக்காவது கொப்புளம் வந்தால் உதவுமே என்று தறியில் விழுந்த வேஸ்ட் நூலும் துண்டுத்துணியும் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தேன். ரத்தம் நிற்பதற்காக நூலைப் பந்தாகச் சுருட்டிக் காயத்துக்குள் திணித்தேன். மேலே துணியை இறுக்கிக் கட்டினேன்.

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. தறியிலிருந்து இறங்குகிறது காடாத் துணி. பாவு நூலில் போட்ட கஞ்சிப் பசையும் பட்டறைத் தூசியும் அதிலேயே இருக்கும். அவித்து, வெளுத்து, கிருமி நீக்கிய பிறகுதான் அது காயத்துக்கு ஆகும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் நாம் நெய்த துணிதானே என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் கட்டை மாற்றும்போது கால் சிவந்து வீங்கியிருந்தது. நூலைப் பிடித்து இழுத்தேன். கொஞ்சம் வந்தது, மீதி வரவில்லை. கட்டு இறுகியதால் வந்த வீக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதே பையிலிருந்து வேறு துணி எடுத்துக் கட்டினேன். மூன்றாம் நாள் காலை கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் இவருக்குக் குளிர்க் காய்ச்சல் வந்து பல் கிட்டியது. அண்ணாச்சி சாமான் வேனைத் திருப்பி எங்களை ஸ்ரீவில்லிபுத்தூருக்கே அனுப்பிவைத்தார். மற்றவர்கள் கிழக்கே நடந்தார்கள். நாங்கள் வந்த வழியே போனோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். "இதுல என்னம்மா வச்சுக் கட்டுனீங்க?" என்றார்.

"மெடிக்கல்ல வாங்குன பேண்டேஜ்தான்மா" என்றேன்.

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. பொய் வந்துவிட்டது. அவர் பேனாவை எடுத்து, கணுக்காலுக்குக் கீழே சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அந்த இடத்தில் சுற்றிலும் கோடு போட்டார். "மருந்து ஏத்துறோம். சிவப்பு இந்தக் கோட்டுக்குள்ள நின்னா நல்லது. தாண்டி ஏறுச்சுன்னா மதுரைக்கு அனுப்பணும். பாதத்த எடுக்க வேண்டி வரலாம். உயிர் முக்கியம், பாத்துக்கோங்க."

அந்தப் பகல் முழுவதும் நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அருள் நிறைந்த மரியே என்று தொடங்குவேன், பாதியில் நின்றுவிடும். மாதாவே, கால் போனால் லோடு ஆட்டோவை எப்படி ஓட்டுவார், பேத்தியை எப்படித் தூக்கிக்கொண்டு நடப்பார் என்று கேட்பேன். பதிலுக்கு மனசுக்குள் ஒன்றே ஒன்று வரும். போய்ச் சொல். அது வேண்டாம், வேறு ஏதாவது செய் என்று மன்றாடுவேன். மறுபடியும் அதேதான் வரும். டாக்டர் என்னைக் காறித் துப்புவாரே, ஊருக்குத் தெரிந்தால் தறியில் என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று பயம். கால் போய்விடுமோ என்ற பயமும் அதோடு சேர்ந்துகொண்டது. இரண்டு பயத்துக்கும் நடுவில் கிடந்து செத்தேன்.

நாலு மணி இருக்கும். சிவப்பு கோட்டைத் தொட்டது. செத்த நேரத்தில் ஒரு விரல் அகலம் தாண்டி ஏறிவிட்டது.

எழுந்து ஓடினேன். டாக்டர் கிளம்புவதற்குக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் நின்று அழுதேன். "அம்மா, நான் பொய் சொல்லிட்டேன். கடைத்துணி இல்ல, தறித்துணி. வெளுக்காத துணி. புண்ணுக்குள்ள நூலத் திணிச்சேன். அம்புட்டும் வெளிய வரல. உள்ள இருக்கு."

அவர் திட்டவில்லை. பையைக் கழற்றி வைத்தார். "நூல் உள்ள இருக்கா? வாங்க" என்று நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு வேகமாக நடந்தார். காயத்தை ஆழமாகத் திறந்தார்கள். நான் கதவுக்கு வெளியே தரையில் மண்டியிட்டேன். அப்போது என் ஜெபம் பாதியில் நிற்கவில்லை. அழுகையோடு கடைசிவரை வந்தது.

வெளியே வந்து ஒரு கிண்ணத்தைக் காட்டினார். கஞ்சி ஊறி, சீழ் பிடித்து, கட்டியாக ஒரு நூல் உருண்டை. "இது உள்ள இருக்கும்போது எத்தன பாட்டில் மருந்து ஏத்துனாலும் கேக்காதும்மா. நாளைக்குச் சொல்லியிருந்தா பாதம் போயிருக்கும். நல்ல வேளை, இப்பவாவது சொன்னீங்க."

மறுநாள் காலை சிவப்பு கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. கட்டைவிரலைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. எங்கள் குழு வேளாங்கண்ணியில் கொடிக்கம்பத்தடியில் நின்று போன் பண்ணியபோது இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று அவர் காலடியில் உட்கார்ந்தேன். "என்னய மன்னிச்சிருங்க. நான் கட்டுனது தறித்துணி" என்றேன்.

"தெரியும்ட்டி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்பத் தெரியும்?"

"நீ கட்டும்போதே தெரியும். எத்தன வருசமா அந்தத் துணிய நான் ஏத்தி எறக்குதேன், எனக்குத் தெரியாதா? நீ குனிஞ்சி அழுதுகிட்டே கட்டுன. வேண்டாம்னு சொல்ல மனசு வரல."

"டாக்டர்ட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

அவர் சொன்னார்: "அவிய உன்னயத் திட்டுவாவளேன்னு இருந்துட்டேன்."

அன்றைக்கு வந்த பயம் ஆஸ்பத்திரியில்கூட எனக்கு வரவில்லை. நான் வெட்கத்துக்குப் பயந்து வாயை மூடியிருந்தேன். இவர் எனக்காகப் பயந்து மூடியிருந்தார். இரண்டு பேரும் கை கூப்பி மாதாவிடம் காலைக் கேட்டுக்கொண்டே காலைத் தொலைக்கப் பார்த்திருக்கிறோம். இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம்.

இந்த வருடம் நடைப்பயணக் குழுவோடு நான் வேனில் போனேன். ஒவ்வொரு ஓய்விடத்திலும் சர்க்கரை உள்ளவர்களை உட்காரவைத்து, பாதத்தைக் கழுவி, விரல் இடுக்குவரை பார்த்தேன். சீல் உடைக்காத கட்டுத்துணி மட்டும் வைத்திருந்தேன். பெரிய காயம் என்றால் யார் என்ன சொன்னாலும் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குத்தான். இவர் டாக்டர் எழுதிக் கொடுத்த செருப்பைப் போட்டுக்கொண்டு தினமும் காலையில் கொஞ்சத் தூரம் நடந்தார், மிச்சத்துக்கு வேனில் ஏறினார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "இம்புட்டுப் போதும்னு மாதா சொல்லிட்டா" என்றார்.

என் அன்பானவர்களே, நம்பி ஜெபியுங்கள். மாதா தன் மகனிடம் கேட்டு வாங்கித் தருவாள், எனக்குத் தந்தாள். ஆனால் ஆண்டவர் உங்களை எதையாவது சொல்லச் சொன்னால், யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் உடனே எழுந்து போய்ச் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் படுத்திருக்கிறவரும் உங்களுக்காகவே வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.